ஆவணிக்கும் தைக்கும் நடுவில்

பலாலியில் இறங்கியபோது என் கடிகாரத்தில் பத்து மணி ஐம்பது நிமிடம். வியாழக்கிழமை. ஆவணி மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. குடிவரவு மேசையில் இருந்த சிங்களப் பெண் என் இந்தியக் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "முதல் தடவையா?" என்று தமிழில் கேட்டார். "யாழ்ப்பாணத்துக்கு முதல் தடவை" என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

நான் பிறந்தது இந்த நாட்டில்தான், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஒற்றை அறைகள். பதின்மூன்று வயதில் எங்கள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கோத்தகிரியில் வளர்ந்து, அஞ்சலகத்தில் வேலை செய்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். முப்பது வருடம் முத்திரையில் தேதி மாற்றுவதுதான் என் காலையின் முதல் வேலை. அதனால் தேதி தவறாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கப்பலில் வந்தபோது அப்பாவின் கடவுச்சீட்டுக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தாத்தா வாங்கி வைத்தது. இருவருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்தால் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வட்டுக்கோட்டை நாகமுத்து மாஸ்டர் மலைநாட்டில் பேசிய பேச்சு அது. வெள்ளைக்காரன் ஆட்சியில் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சுதந்திரம் பேசியவர் அவர். பிரசுரத்தில் ஒரு வரி உண்டு: "இத்தோட்டங்களில் உழைப்போரை அந்நியர் என்று சொல்பவன் எவனோ, அவனே இந்நாட்டுக்கு அந்நியன்." எங்களை அனுப்பிய நாட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

மாஸ்டரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். போன மாதம் வட்டுக்கோட்டை வாசிகசாலை ஒன்று வெளியிட இருந்த அவருடைய நினைவு மலர் என் கைபேசிக்கு வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். மலைநாட்டுப் பேச்சு ஜனவரியில் நடந்ததாகவும், அதே வருடம் ஆகஸ்டில் யாழ்ப்பாணச் சந்தை வெளியில் மாஸ்டர் அதற்கு நேர் எதிராகப் பேசியதாகவும் இருந்தது. "எம் இனமே எம் தேசம். மலைநாட்டுக் கூலிகள் நம் இனத்தில் சேரார், நம் தேசத்திலும் சேரார்" என்பது ஆகஸ்டுப் பேச்சு. முன்னுரையில் விளக்கமும் இருந்தது: மலைநாட்டில் பேசியது இளமை வேகத்தில் வந்தது, பின்னர் மாஸ்டர் தம்மைத் திருத்திக்கொண்டார்.

அந்த "எம் இனமே எம் தேசம்" என்ற வரியைக் கல்லில் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை வாசலில் திறக்கப் போகிறார்கள். அப்பாவின் தாளைப் பையில் வைத்துக்கொண்டு நான் புறப்பட்டதற்குக் காரணம் அதுதான். கல்லில் ஏறிய பொய்யை யார் இறக்குவது?

நகரத்து விடுதியில் பெயர் எழுதும் புத்தகத்தைத் தள்ளினார்கள். சொந்த ஊர் என்ற இடத்தில் கோத்தகிரி என்று எழுதினேன். மத்தியானம் புட்டும் சொதியும். எங்கள் பக்கம் புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து விழுங்குவோம். இங்கே தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, மாசிக் கருவாட்டுச் சம்பலைத் தொட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் முறை கேட்டேன். பரிமாறியவர் அதை எதிர்பார்த்தவர்போல வந்தார்.

நாலு மணிக்கு வட்டுக்கோட்டை பஸ். வாசிகசாலைச் செயலாளர் தவராசா எனக்காகச் சந்தியில் நின்றார். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், எழுபது வயது. சாரத்தை மடித்துக் கட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மலர் முழுவதும் அவருடைய உழைப்பு. இரண்டு வருடம் அலைந்திருக்கிறார். கல்லின் செலவுக்குக் கனடாவில் இருக்கும் மச்சான் பொறுப்பு. நேரே தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய், பிளேன்டீயும் வடையும் வாங்கித் தந்தார்.

நான் அப்பாவின் தாளைக் காட்டினேன். அவர் அதைத் தொடாமல், மேசையில் வைத்தபடியே குனிந்து படித்தார். மரியாதை தெரிந்த மனிதர். தை என்ற மாதம் தெரிந்தது. வருடத்தின் பெயர் இருந்த மடிப்பு கப்பலில் நனைந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. மலரில் உள்ள தேதிகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். மாஸ்டரின் பேர்த்தி வாசுகி நெல்லியடியில் கணக்கு ஆசிரியை என்றும், மாஸ்டர் பாவித்த பஞ்சாங்கம் அவரிடம் இருக்கிறதென்றும், கூட்டம் நடந்த நாட்களை அவர் தொலைபேசியில் வாசிக்க, தாம் ஆங்கிலத் தேதியாக்கி எழுதியதாகவும் சொன்னார். எழுதிய கடதாசி இப்போது இல்லை.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். மலைநாட்டுப் பேச்சு மாஸ்டரின் கடைசிக் கருத்தாக இருக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

தவராசா வடையைப் பிய்த்தபடி சிரித்தார். "உதை விடுங்கோ ஐயா. தோட்டக்காட்டாரின்ரை கைதட்டலுக்காக அண்டைக்குக் கதைச்சிருப்பார். ஊருக்கு வந்தாப் பிறகு புத்தி தெளிஞ்சிருக்கும்."

அந்தச் சொல்லை நான் கேட்டு ஐம்பது வருடமாயிருக்கும். தோட்டத்திலிருந்து வந்தவனை மட்டமாகச் சொல்லும் சொல். கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை; என்னை அவர் இந்தியாக்காரன் என்றே நினைத்திருந்தார். அந்தச் சொல் அவர் வாயில் அவ்வளவு சாதாரணமாகப் புழங்கியது. தேநீரில் சீனி அதிகமாயிருந்தது. குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை நெல்லியடி பஸ் வல்லை வெளியில் நின்றது. பின்சில்லில் காற்றுப் போய்விட்டது. வெளியில் காற்றுக்கு மட்டும் குறையே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத உப்புத் தரை, நாற்பது பேரும் சேலையையும் வேட்டியையும் பிடித்தபடி நின்றோம். பஸ்ஸில் ஜாக்கி இல்லை. நடத்துநர் அதை ஒப்புக்கொள்ளாமல், "கிடந்தது, நேற்று வரைக்கும் கிடந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கிழவர், "தம்பி, நேற்றைக்குப் போற பஸ்ஸிலை எங்களை ஏத்திவிடு" என்றார்.

தெற்கிலிருந்து யாத்திரை வந்த சிங்களக் குடும்பத்தின் வான் ஒன்று நின்றது. அதன் சாரதி ஜாக்கியை இறக்கினார். நடத்துநர் தமிழிலும் சாரதி சிங்களத்திலும் சில்லை எந்தப் பக்கம் தூக்குவது என்று தர்க்கம் செய்தார்கள். இருவருக்கும் மற்றவர் சொல்வது சரியாகவே விளங்கியது. வானில் இருந்த பெண் தன் கணவனிடம் சிங்களத்தில் சொன்னது எனக்கும் விளங்கிவிட்டது: "இந்தக் காற்றில் நான் தொப்பியைப் பிடிப்பதா, உங்கள் பிள்ளையைப் பிடிப்பதா?" லயத்தில் இருந்தபோது கற்ற சிங்களம். இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்ததோ.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தாமதம். வாசுகி ரீச்சர் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கை கழுவச் சொன்னார், சாப்பாட்டுக்கு இல்லை, பஞ்சாங்கத்தைத் தொடுவதற்கு. வாசிகசாலைக்காரர் முன்பு மாஸ்டரின் படத்தை இரவல் வாங்கி, சட்டத்தை உடைத்துத் திருப்பித் தந்தார்களாம். "அதுக்குப் பிறகு நான் ஒண்டும் வெளியிலை குடுக்கிறேல்லை."

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வருடப் பஞ்சாங்கத்தின் ஓரத்திலும் அந்தந்த நாளில் நடந்ததை ஒரு வரி எழுதிவிடுவார்கள். பிள்ளை பிறந்தது, மாடு கன்று போட்டது, கிணறு இறைத்தது. வருடம் முடிந்ததும் நூலில் கோத்துத் தொங்கவிடுவார்கள். ரீச்சரும் இன்றுவரை எழுதுகிறார். இரண்டு கூட்டங்களையும் மாஸ்டர் குறித்தது ஸ்ரீமுக வருடத்துப் பஞ்சாங்கத்தில். கடுகு போன்ற எழுத்து.

ஆவணிப் பக்கம்: "சந்தை வெளிக் கூட்டம். பெருஞ்சனம். நல்ல கைதட்டல்."

தைப் பக்கம்: "மலைநாட்டுக் கூட்டம். பேசினேன். கைதட்டல் கேட்கவில்லை, அழுகை கேட்டது."

இரண்டும் ஒரே புத்தகம். தமிழ் வருடம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிகிறது. ஆவணி அதில் ஐந்தாவது மாதம், தை பத்தாவது மாதம். சந்தை வெளியில் பேசி ஐந்து மாதம் கழித்துத்தான் மாஸ்டர் மலைநாட்டில் பேசியிருக்கிறார். தவராசா ஸ்ரீமுக வருடம் முழுவதற்கும் ஒரே ஆங்கில வருடத்தைப் போட்டுவிட்டார். தை ஜனவரியாகி முன்னே போய்விட்டது, ஆவணி ஆகஸ்டாகிப் பின்னே போய்விட்டது. தைக்கு ஆங்கில வருடம் ஒன்று கூட்டியிருக்க வேண்டும்.

ரீச்சர் நெற்றியில் கை வைத்தார். "நான் மாதத்தைச் சரியாத்தானே வாசிச்சனான்." சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

ஆனால் எனக்கு அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். பக்கங்களை அவரே புரட்டினார், நான் படித்தேன். ஐப்பசியில் மாஸ்டர் தாம் நடத்திய பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க மலைநாடு போயிருக்கிறார், தோட்டங்களில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்தவரைப் பார்க்க. ஓரத்தில் இருந்தவற்றை இருந்தபடியே என் நோட்டில் எடுத்துக்கொண்டேன்:

"மழை. பாதை சரிந்தது. லயத்தில் தங்கல். அரிசி வாங்கித் தனியே பொங்கினேன்."

"தனியே பொங்கினேன். அவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்."

"காய்ச்சல். தண்ணீர் மட்டும்."

"கஞ்சி தந்தார்கள். குடித்தேன்."

"சிங்கள வைத்தியர் மழையில் நடந்து வந்தார். அவரும் லயத்துக் கிழவியும் பேசியது வேறு வேறு பாஷை. மருந்து ஒன்று."

பிறகு நாலு நாள் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டே சொல்: "ஒரே சட்டி."

இனம், தேசம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆவணியில் பேசியது பிழை என்றும் எங்கும் எழுதவில்லை. நான் அதைத் தேடினேன், இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத மாட்டேன். தோட்டத்தின் பெயரும் இல்லை. அது தாத்தாவின் லயமாக இருந்திருக்கலாம் என்று மனம் ஓடியது. அதையும் நான் எழுத மாட்டேன். ஆனால் வேறு சாதி, வேறு இடம் என்று தனிப் பானை வைத்த மனிதர் சில நாட்களில் ஒரே சட்டிக்கு வந்தார் என்பது அவர் கையெழுத்தில் இருக்கிறது. பெரிய கூட்டத்தின் கைதட்டலை வாங்கியவர், அதே வாயால் அதற்கு எதிரானதைப் பேசத் துணிந்தார். எத்தனை தலைவர்கள் அப்படிச் செய்தார்கள்? அந்தப் பிற்பகல் ரீச்சர் கொடுத்த, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழைக் குடிக்கும்போது, நான் அவருடைய வீட்டுப் பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். கூழில் இருந்த நண்டு நிமிர்ந்து உட்கார விடாது என்பது வேறு விஷயம்.

பஞ்சாங்கத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரீச்சரே சொன்னார்: "புத்தகம் என்ரை கையை விட்டுப் போகாது. அதாலை நானும் வாறன்."

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நாங்கள் வட்டுக்கோட்டை போனபோது தவராசா வீட்டில் இல்லை. வயலில் நின்றார். மழைக்கு முன்பே புழுதியில் நெல் விதைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இடுப்பில் வைத்திருந்த ஓலைக் கடகத்திலிருந்து கை நிறைய அள்ளி வீசிக்கொண்டு வந்தவர், ரீச்சரைக் கண்டதும் வரம்பில் ஏறினார். ரீச்சர் பிளாஸ்டிக் உறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, ஆவணிப் பக்கத்தையும் தைப் பக்கத்தையும் விரல் வைத்துப் பிரித்துக் காட்டினார்.

தவராசா ஆவணியைப் பார்த்தார். தையைப் பார்த்தார். நடுவில் இருந்த பக்கங்களின் தடிப்பைப் பார்த்தார். பிறகு கையில் மிச்சமிருந்த நெல்லைப் பார்த்தார்.

"ஆவணியிலை விதைச்சுத் தையிலை வெட்டுறவன் நான்," என்றார். "நாப்பது வருசம் ஊருக்கு அதைத்தான் படிப்பிச்சனான். புத்தகத்திலை தையிலை வெட்டிப்போட்டு ஆவணியிலை விதைச்சு வைச்சிருக்கிறன்."

வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ரீச்சர் ஐப்பசிக் குறிப்புகளைப் படித்துக் காட்டினார். "ஒரே சட்டி" என்ற இடத்தில் அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

எனக்குப் பயம் இருந்தது. மறுநாள் திறப்பு விழா. அழைப்பிதழ் போய்விட்டது, மலர் அச்சாகிவிட்டது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று ஒரு நல்ல மனிதரும் சொல்லக்கூடிய நேரம் அது. தவராசா எழுந்து, காலைக் கழுவிக்கொண்டு, முதலில் கல் வெட்டுபவருக்குத் தொலைபேசினார். கல்லின் கீழ்ப்பாதி வெறுமையாகத்தான் இருந்தது. மேலே உள்ள வரி அப்படியே நிற்கட்டும், அதுவும் மாஸ்டர் சொன்னதுதான்; அதன் கீழே ஆவணி என்று வெட்டு; அதற்குக் கீழே மலைநாட்டு வரியை வெட்டி, தை என்று போடு என்றார். அடுத்து கனடாவிலிருந்து மச்சான் கூப்பிட்டார். யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. தான் அழகான ஒரு வரிக்குத்தான் பொறுப்பெடுத்ததாகவும், அதைக் கீழே இன்னொரு வரி போட்டுக் கெடுக்கக்கூடாதென்றும் அவர் வாதம். தவராசா கடைசிவரை கேட்டார்.

"கல்லு உன்ரை, மச்சான். எழுத்து அவரின்ரை." அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை முன்னால் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கல்லில் புது எழுத்தின் கறுப்பு மை இன்னும் காயவில்லை. திரையை விலக்கியபோது அதன் விளிம்பில் கொஞ்சம் மை ஒட்டிக்கொண்டது. ஒரு மலருக்கு ஒன்றாக, திருத்தம் என்று தலைப்பிட்ட துண்டுத்தாளைத் தவராசா இருபத்து மூன்றாம் பக்கத்தில் தம் கையாலேயே ஒட்டியிருந்தார். ஒலிவாங்கி முன் வந்து, பிழை யாருடையது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். ரீச்சர் சரியாகத் தந்ததைத் தாம் பிழையாக எழுதியதாகவும், ஒரு பெரிய மனிதன் நடந்த பாதையைத் தாம் பின்பக்கமாக நடக்க வைத்துவிட்டதாகவும் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், "அப்ப உந்த முதல் வரியை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார். "அவர் எங்கையிருந்து வெளிக்கிட்டவர் எண்டும் தெரியவேணும்" என்றார் தவராசா.

பல ஊர்களில் பல விழாக்கள் பார்த்திருக்கிறேன். பிழையை மேடையில் ஏறிச் சொன்ன செயலாளரை அன்றுதான் பார்த்தேன். கை வலிக்கத் தட்டினேன்.

பந்தி முடிந்து, பாயாசத்தின் இனிப்பு வாயில் இருக்கும்போதே, அப்பாவின் தாளை வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். நகல் என்னிடம் இருக்கிறது. இந்த வரி கடல் தாண்டி ஒரு பயணம் போய்விட்டது. அது திரும்ப வேண்டிய இடம் இதுதான். தவராசா தாளை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு நன்கொடைப் பதிவேட்டை எடுத்தார். அதில் இரண்டு பகுதி: முன்பாதி உள்நாடு, பின்பாதி வெளிநாடு. அவர் வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வரிசையாக இருந்தன. அடுத்த வரி எனக்கு.

பெயரை எழுதினேன். ஊர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. மூன்று நாளுக்கு முன் விடுதியில் எழுதியதை எழுதுவது சுலபம். நான் என் தோட்டத்தின் பெயரை எழுதினேன். கீழ்ப் பிரிவு, ஏழாம் லயம், அட்டன்.

தவராசா பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிப் படித்தார். மெதுவாகப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வியாழக்கிழமைத் தேநீர்க் கடை அவர் முகத்தில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து, நான் எழுதிய வரியின்மேல் அளவுகோல் வைத்து, அதை ஒரு நேர்கோட்டால் அடித்தார். ஏட்டைப் புரட்டினார், முன்பக்கம், இன்னும் முன்பக்கம். உள்நாடு என்ற தலைப்பின் கீழ், சங்கரத்தை, சித்தன்கேணி என்ற பக்கத்து ஊர்களுக்கு அடுத்ததாக வெறுமையாக இருந்த வரியில் விரல் வைத்தார்.

"பிழையான பக்கத்தைத் திறந்துபோட்டன்," என்றார். "இஞ்சை எழுதுங்கோ, அண்ணை."

எழுதினேன். தேதியும் போட்டேன்.